இரசம் போகாத குழல்கள்

விளக்கேற்றுவதைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். விளக்கு அணைந்த பின் அதை என்ன செய்வது என்பதைப் பற்றி எவரும் எழுதியதாக நான் அறியேன். அகல்விளக்கின் காலத்தில் அத்தகைய கேள்விக்கு இடமும் இருக்கவில்லை. மண் மண்ணோடு சேரும், திரி சாம்பலாகும், அவ்வளவுதான். 2024ஆம் ஆண்டில் என் தாத்தா காலமாகி, அந்தியேட்டிக் கிரியைகளும் முடிந்து, வீட்டைத் துப்புரவு செய்ய முற்பட்டபோதுதான் இக்கேள்வி என்முன் எழுந்தது. அன்று எழுந்த கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை.

வலிகாமத்திலுள்ள எங்கள் பழைய வீட்டின் பின்னறையில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில், பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிக் கயிற்றாற் கட்டப்பட்ட கட்டொன்று செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். நான்கடி நீளமான குழல்விளக்குகள் பதினேழு. இரண்டடிக் குழல்கள் நான்கு. அவற்றின் காலடியில் ஒரு பிஸ்கற் தகரம். அதனுள்ளே சுருள் வடிவான சிறு மின்குமிழ்கள் பஞ்சிற் பொதியப்பட்டுக் கிடந்தன. யாவும் எரிந்து முடிந்தவை. குழல்களின் இரு நுனிகளும் கரிபிடித்துக் கறுத்திருந்தன.

தாத்தா வயரிங் வேலை செய்தவர். ஊரில் எவர் வீட்டிலாவது குழல்விளக்கு மினுங்கத் தொடங்கினால் அவருக்கே ஆளனுப்புவார்கள். ஏணியும் குறடுமாகப் போவார். ஸ்ராட்டரைத் திருப்பிப் பார்ப்பார். அதிலும் சரிவராவிட்டாற் புதுக்குழலைப் பூட்டிவிட்டுப் பழையதைத் தோளிற் சாத்திக்கொண்டு வீடு திரும்புவார். வேலைக்குக் கூலி வாங்காமல் வந்த நாள்கள் உண்டு. பழைய குழலை வாங்காமல் வந்த நாள் இல்லை என்று அம்மம்மா சலித்துக்கொள்வார்.

வெளிச்சத்தின்மீது அவருக்கிருந்த இந்தப் பற்றை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் குடாநாட்டின் இருண்ட காலத்தைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள், பஞ்சில் ஊறிய சொற்ப எண்ணெயில் எரியும் ஒரு சிறு திரியே அக்காலத்து விளக்கு. காற்றுக்கு அணையாது, எண்ணெயையும் அதிகம் குடிக்காது. அந்த வெளிச்சத்திலேதான் என் தாயார் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தார். புத்தகத்தின் ஒரு பக்கத்தை முழுவதும் ஒரே பார்வையிற் காண முடியாது, வரி வரியாகப் போத்தலை நகர்த்த வேண்டும் என்று இப்போதும் சொல்வார். 1995இல் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு, மின்சாரம் திரும்பிவந்த அன்று தாத்தா தம் கையாலேயே கூடத்தில் ஒரு நான்கடிக் குழலைப் பூட்டினாராம். அயலிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் வந்து அதன்கீழே படுத்து உறங்கினராம். அத்தகைய பொருளைக் குப்பையில் எறிய அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அஃது அரைப்பங்கு உண்மையே.

மற்றைய அரைப்பங்கைச் சொல்வதற்கு என் பத்தாவது வயதுக்குச் செல்ல வேண்டும்.

ஒரு நாள் குழலொன்றைச் சுவரிற் சாத்தியபடியே தாத்தா, "உதுக்குள்ளை இரசம் இருக்குது, ராசா. உடைக்கப்படாது" என்றார். இரசம் என்றால் மிளகும் சீரகமும் இட்டு அம்மம்மா வைக்கும் இரசத்தையே நான் அறிவேன். வெறும் வெண்மையாகத் தோன்றும் இக்குழலுக்குள் எங்கே இரசம் இருக்கும் என்ற ஐயம் என்னை இரண்டு நாள் வாட்டியது. மாமி மகனுடன் கலந்து பேசினேன். இருவருமாக மூன்று குழல்களைக் களவாக எடுத்துச் சென்றோம். வளவின் கோடியில் ஒரு பாழ்கிணறு உண்டு. நீர் இறைப்பதை விட்டு எத்தனையோ ஆண்டுகளாகிவிட்ட அக்கிணற்றின் கட்டிலே நின்று ஒவ்வொன்றாகப் போட்டோம். சிறு வெடிச்சத்தம் போன்றதொரு ஓசை. வெண்புகை போல எழுந்த தூள். அதன்பின் கண்ணாடிச் சில்லுகள் கல்லில் உதிரும் ஒலி. இரசம் எதுவும் தென்படவில்லை. ஆனால் அந்த ஓசையில் நாங்கள் அடைந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. எட்டிப் பார்த்து அந்தத் தூளை மூச்சில் இழுத்தோமா என்று இன்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் தாத்தா குழல்களை எண்ணினார். என்னை நோக்கி, "மூண்டு குறையுது" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

கலைப்பீடத்தில் தமிழும் வரலாறும் பயிலும் எனக்கு அந்த இரசம் எதுவென விளங்கியது விடுதி அறையிலேதான். அறைத்தோழன் விஞ்ஞானபீட மாணவன். தாத்தாவின் கட்டைப் பற்றிச் சொன்னதும், அவன் தாளொன்றை எடுத்துப் படம் வரைந்து விளக்கலானான். குழலின் இரு முனைகளிலும் தங்குதன் இழைகள் உள்ளன. குழலுக்குள் வளி நீக்கப்பட்டு, மிகக் குறைந்த அமுக்கத்தில் ஆகன் வாயுவும், கண்ணுக்குத் தோன்றாத அளவிலே சிறிது இரசமும் அடைக்கப்பட்டுள்ளன. மின் பாயும்போது ஒரு முனையிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் இரச ஆவியின் அணுக்களை மோதுகின்றன. மோதுண்ட அணுக்கள் கழியூதாக் கதிரை வீசுகின்றன. அக்கதிரை நம் கண் காணாது. குழலின் உட்புறத்திற் பூசப்பட்டுள்ள வெண்தூளே அதனை ஏற்றுக் கட்புலனாகும் ஒளியாக மாற்றித் தருகின்றது. ஆகவே, நாம் குழல் எரிகின்றது என்று சொல்வது பிழை; தூள்தான் ஒளிர்கின்றது. இரசமின்றேல் அவ்வொளியும் இல்லை. தாத்தா ஒரு சொல்லையும் மிகைப்படுத்திக் கூறவில்லை.

எவ்வளவு இரசம் என்று கேட்டேன். பழைய தடித்த குழல்களில் இருபது, முப்பது மில்லிகிராம்வரை இருந்ததுண்டு. பிற்காலத்து மெல்லிய குழல்களிலும் சுருள் மின்குமிழ்களிலும் ஏறத்தாழ ஐந்து மில்லிகிராம் அல்லது அதனினும் குறைவு என்றான். எழுத்தில் வைக்கும் ஒரு முற்றுப்புள்ளியின் அளவுதான். எரிய எரிய அதிற் பெரும்பகுதி தூளோடும் கண்ணாடியோடும் ஒட்டிக்கொள்கின்றது. ஆயினும் அஃது எங்கும் போய்விடுவதில்லை. விளக்கின் உயிர் போன பின்னும் இரசம் உள்ளேயே கிடக்கின்றது.

இரசம் போன கண்ணாடி என்று முகம் தெரியாத பழங்கண்ணாடியைச் சொல்வது நம் வழக்கு. முற்காலத்தில் வெள்ளீயமும் இரசமும் கலந்த பூச்சையே கண்ணாடியின் பின்புறத்தில் இட்டனர். பூச்சு உரிந்தால் முகம் தோன்றாது. சித்த மருத்துவரோ இரசத்தைப் பலவாறு சுத்தி செய்த பின்னரே கையாள வேண்டும் என்றனர். சுத்தி என்ற சொல்லை அவர்கள் வலியுறுத்திய காரணத்தை ஆராயாமல், இரசம் நம் முன்னோர் மருந்தாயிற்றே, அதில் என்ன நஞ்சு என்று கேட்பாரும் உளர். என் உறவினர் ஒருவர் என்னிடம் அவ்வாறே வாதிட்டார். மருந்தென அவர்கள் அறிந்த அளவுக்கு நஞ்சென்றும் அறிந்திருந்தனர் என்பதே என் துணிபு. ஒருகாலத்திற் பாடசாலைகளில் வெப்பமானி உடைந்தால், சிதறிய வெள்ளி முத்துகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடுவார்களாம். என் தந்தையாரும் அவ்வாறு விளையாடியவரே. கைக்குள் உருளும் முத்தைவிட அதிலிருந்து எழும் ஆவியே கேடு மிக்கது. நிறமோ மணமோ அற்ற அவ்வாவி மூச்சோடு நுரையீரலுக்குட் சென்று, இரத்தத்திற் கலந்து, மூளையையும் நரம்பையும் தாக்க வல்லது. கருவிலுள்ள சிசுவையும் சிறு குழந்தையையும் அது கூடுதலாகப் பாதிக்கும்.

இரசத்தின் கொடுமைக்கு உலகம் வைத்துள்ள பெயர் மினமாட்டா. யப்பானின் கியூசூத் தீவிலுள்ள அக்கடற்கரை ஊரில், இரசாயனத் தொழிற்சாலையொன்று தன் கழிவுநீரைக் குடாக்கடலில் விட்டது. அக்கழிவிலிருந்த மெதையில் இரசம் மீனில் ஏறியது. மீன் மனிதரின் உணவாயிற்று. முதலிற் பூனைகள் பித்துப் பிடித்தாற்போலச் சுழன்று மடிந்தன. பின்னர் மனிதர் நடை தளர்ந்தனர்; பேச்சுக் குழறினர்; பிறந்த குழந்தைகள் உடல் முறுகிக் கிடந்தன. 1956ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி அந்நோய் உத்தியோகபூர்வமாக அறியப்பட்டது. அதன் காரணத்தை அந்நாட்டரசு ஏற்றுக்கொள்வதற்கு 1968 வரை சென்றது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் கழிவு கடலுக்கே போய்க்கொண்டிருந்தது என்பதை வாசித்தபோது, நோயைவிட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே என்னை அதிகம் கலக்கின. அவ்வூரின் பெயராலேயே இரசம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2013இற் கைச்சாத்தாகி, 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அவ்வாண்டிலேயே அதில் இணைந்தது.

எங்கள் வளவுக் கிணற்றை மினமாட்டாக் குடாவோடு ஒப்பிடுவது பேதைமை என்பதை நான் அறிவேன். அங்கே கொட்டப்பட்டது தொன் கணக்கில். நாங்கள் போட்டது மில்லிகிராம் கணக்கில். இதை அறிந்தும் மனம் அமைதியுறவில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கித் தங்குவதே எம் நீர். ஒருவன் கிணற்றில் விழுந்தது அயலவன் கிணற்றுக்குப் போகாது என்று சொல்லத்தக்க மண் அன்று அது. 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென எழுந்த கலக்கத்தை நாங்கள் நேரிற் கண்டவர்கள். போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அந்நாள்களில், பாழ்கிணற்றுப் பக்கம் போவதையே நான் தவிர்த்தேன்.

இனித் தாத்தாவின் கட்டுக்கு வருவோம். அம்மா, "தூக்கிக் குப்பையிலை போடு" என்றார். பிரதேச சபையின் உழவு இயந்திரம் வரும் நாளில் ஒழுங்கையிற் காத்து நின்றேன். குப்பை ஏற்றும் அன்பர் குழல்களைக் கண்டதும், "தம்பி, முழுசா ஏத்தேலாது. உடைச்சு உரப்பையிலை கட்டி வையுங்கோ" என்றார். அவர் கையுறை அணிந்திருக்கவில்லை. வலது உள்ளங்கையிற் குறுக்காக ஒரு பழைய தழும்பு இருந்தது. இதுபோன்ற கண்ணாடி கிழித்ததா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "எது கிழிச்சதெண்டு ஆர் கண்டது" என்றார். உடைப்பதானால் அதை அவர் மூச்சுக்கருகிலே உடைக்க வேண்டும். உடைக்காமற் கொடுத்தால் அவரே உடைப்பார். கட்டை மீண்டும் வீட்டுக்குள் எடுத்துச் சென்றேன்.

அவ்வாறு எடுத்துச் செல்கையிலேதான் அந்த விபத்து நேர்ந்தது. அறை வாசலின் நிலையில் இடிபட்டு இரண்டடிக் குழலொன்று நொருங்கி விழுந்தது. கூடத்தில் அக்காவின் எட்டு மாதக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. வெண்தூள் சீமெந்து நிலத்திற் படர்ந்ததைக் கண்ட கணத்தில், விடுதியிற் கேட்டவை யாவும் ஒருங்கே நினைவில் எழுந்தன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் முற்றத்துக்குப் போங்கள் என்று கத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன், அறையின் யன்னல்களை அகலத் திறந்துவிட்டு, உட்கதவைச் சாத்திக்கொண்டு நானும் வெளியேறினேன். அம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தார். கூட்டினால் தூள் எழும், விளக்குமாற்றிலும் ஒட்டும் என்று தடுத்தேன். என் வாழ்நாளில் அம்மாவின் கையிலிருந்து விளக்குமாற்றைப் பறித்தது அந்த ஒரு தடவைதான்.

கால்மணி நேரத்துக்கு மேலாக முற்றத்திலே நின்றோம். பின்னர், கைகளிற் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு உட்சென்று, தடித்த மட்டை இரண்டினாற் சில்லுகளை வாரினேன். மீந்த தூளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்தேன். நிலத்தை ஈரத் தாளாற் துடைத்து, சில்லு, மட்டை, நாடா, தாள் யாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக மூடினேன். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவினேன். யன்னல்களை மாலைவரை சாத்தவில்லை. எடுத்த போத்தல் பழைய ஜாம் போத்தல் என்பதை அதை மூடிய பின்னரே கவனித்தேன். அக்கா அன்றிரவு முழுவதும் குழந்தையின் மூச்சைக் கேட்டபடி விழித்திருந்தார். ஒரு குழல் உடைந்ததால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, காற்றோட்டமே போதிய காப்பு என்று நான் பலமுறை சொன்னேன். சொன்ன நானும் உறங்கவில்லை.

உடைந்ததற்கு வழி தெரிந்தது. உடையாத இருபதுக்கும் தகரத்திலுள்ளவற்றுக்கும் என்ன வழி? புதைத்தலும் எரித்தலும் ஆகா. எரித்தால் இரசம் முழுவதும் காற்றேறும். முறையான வழி மீள்சுழற்சியே. கொழும்பு மாவட்டத்தின் ஹோமாகமையில் இத்தகைய விளக்குகளுக்கென்றே ஆலையொன்று நிறுவப்பட்டது. மீள்சுழற்சி செய்யப்படும் முறை எளிதாகவே தோன்றுகின்றது. வெளியே காற்றுக் கசியாதவாறு உள்ளிழுக்கும் அமுக்கத்துள் குழல்கள் நொருக்கப்படுகின்றன. எழும் ஆவியைக் கரி வடிகள் பிடித்துக்கொள்கின்றன. கண்ணாடி, அலுமினிய மூடி, வெண்தூள் என மூன்றும் வெவ்வேறாகப் பிரிக்கப்படுகின்றன. தூளைச் சூடேற்றினால் இரசம் ஆவியாகிப் பின் குளிர்ந்து மீண்டும் திரவமாகச் சொட்டுகின்றது. வாலை வடித்தலை அறிந்த நம் பழைய வைத்தியர் எவரும் இதனை வியப்பின்றி விளங்கிக்கொள்வர். கண்ணாடியும் அலுமினியமும் மறுபடி பயன்படும். புதுவகைக் குழல்களின் தூளில் இத்திரியம், யூரோப்பியம் முதலான அரிய உலோகங்களும் உள்ளன.

ஆனால் ஹோமாகமைக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் இடையே முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் உண்டு. குழல்களை வாங்கிய கடையில் விசாரித்தேன். "விக்கிறது மட்டுந்தான் எங்கடை வேலை" என்றார் முதலாளி. உள்ளூர் அலுவலகமொன்றுக்குப் போனேன். ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டியது. அம்மேசைக்குரியவர் விடுமுறையில் இருந்தார். கடிதமாக எழுதித் தரச் சொன்னார்கள். இதுவரை மூன்று கடிதம் எழுதியுள்ளேன். ஆபத்தான கழிவுகளை அனுமதிப்பத்திரமின்றிக் கையாளலாகாதென 2008இல் விதிகள் வெளியிடப்பட்டன. தொழிற்சாலைக்கு அவை பொருந்தும். அலுமாரிக்குப் பின்னே இருபது குழலை வைத்திருக்கும் ஒரு குடும்பம் எந்த வாசலுக்குப் போவது? நகர்தோறும் ஒரு பெட்டி, மாதம் ஒருமுறை ஒரு லொறி, விற்ற கடையே திரும்ப வாங்க வேண்டும் என்ற ஒரு கட்டாயம் ஆகிய இவற்றிற்கு மேதை எவரும் வேண்டியதில்லை. மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று சுருள் மின்குமிழை வீட்டுக்கு வீடு பரப்ப முடிந்த நாட்டில், அதைத் திரும்பப் பெறுவதற்கு மட்டும் வழி காண முடியாதென்பதை நான் ஏற்கேன். காலமும் நெருங்குகின்றது. 2023 நவம்பரில் ஜெனீவாவிற் கூடிய உடன்படிக்கை நாடுகள், எல்லா வகைப் புளோரொளிர்வு விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டளவிற் படிப்படியாக நிறுத்துவதென முடிவு செய்தன. இரசமில்லாத எல்.ஈ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆகவே நாட்டிலுள்ள வீடு, பாடசாலை, கோயில், கந்தோர் எங்கும் தொங்கும் பழங்குழல்கள் யாவும் இனிவரும் சில ஆண்டுகளிற் கீழே இறங்கப் போகின்றன. அவை எங்கே போகும்?

எங்களுடையவை இப்போது நான்கங்குலப் பீ.வீ.சீ. குழாய்களுக்குள் இருக்கின்றன. குளியலறை வேலையில் மிஞ்சிய குழாயை அளவாக வெட்டி, குழல்களைத் துணிசுற்றி உள்ளே செருகி, இரு வாயையும் மூடியால் அடைத்தேன். மேலே, "உள்ளே இரசம் உண்டு, உடைக்காதீர்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினேன். வெங்காய லொறியொன்றில் அவற்றைக் கொழும்புக்கு ஏற்றிவிடலாமா என்று மாமி மகன் கேட்டு வருகிறான். சிங்களத்தில் எழுதியது அந்த லொறியை எண்ணித்தான்.

சென்ற விடுமுறையில் அம்மா, பாழ்கிணற்றை மண்ணிட்டு மூடி, அவ்விடத்தில் வாழை வைக்கப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். பதின்மூன்று ஆண்டுகளாகச் சொல்லாததை அன்று அடுப்படியில் நின்று சொன்னேன். மூன்று குழல்கள், தூள், ஓசை, தாத்தாவுக்குச் சொன்ன பொய் யாவற்றையும் சொன்னேன். அம்மா கையிலிருந்த அகப்பையை வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொப்பாட்டனுக்குத் தெரியாமலே இருந்தது எண்டு நினைச்சனீயே? அண்டைக்குப் பின்னேரமே கிணத்தை எட்டிப் பாத்திட்டு வந்தவர். அதுக்குப் பிறகுதான் கட்டைத் தூக்கி அலுமாரிக்குப் பின்னாலை வைச்சவர். பிள்ளையளின்ரை கை எட்டக்கூடாதாம்."

கிணறு இன்னும் மூடப்படவில்லை.